தீர்மானிக்கப்பட்ட வெற்றிகளும் தீர்மானிக்கப்படாத ஒரு மரணமும்

அமெரிக்கத் தொழில்முறை மல்யுத்தக் காட்சிகளுக்கு எமது சிறுவர்கள் மத்தியில் நீண்டகாலமாகவே வரவேற்பு இருந்து வருகின்றது. தொலைக்காட்சியின் முன் அமர்ந்திருக்கும் சிறுவர்கள் அதனை மெய்யென்று நம்பி ஆரவாரிப்பதும், வீட்டிலுள்ள பெரியவர்கள் 'எல்லாம் பொய்ச் சண்டை' என்று ஒரே வார்த்தையில் அதனை ஒதுக்கிவிடுவதும் வழமையான விடயங்களாகும். இவ்விரு சாராரும் கூறுவது பாதி உண்மையே எனலாம். அக்காட்சிகளில் முன்னரே தீர்மானிக்கப்படுவது எது, எவராலும் தீர்மானிக்க முடியாதது எது என்ற வேறுபாடு இருவர் கண்ணிலும் படுவதில்லை.

இந்த வேறுபாட்டை விளங்கிக்கொள்வதற்கு, 1999 ஆம் ஆண்டு மே மாதம் 23 ஆம் திகதி அமெரிக்காவின் மிசூரி மாநிலத்திலுள்ள கன்சாஸ் நகரில் நடைபெற்ற 'ஓவர் த எட்ஜ்' என்னும் நிகழ்ச்சியை விடவும் தெளிவான உதாரணத்தைக் காட்டுவது கடினம். அன்றிரவு நடைபெற்ற ஏழு போட்டிகளும் வெற்றி தோல்விகளுடன் முடிவுற்றன. நிகழ்ச்சி நிரலில் இடம்பெற்றிருந்த மற்றொரு போட்டி மாத்திரம் ஆரம்பமாகவேயில்லை. அப்போட்டிக்கென வந்துகொண்டிருந்த வீரர் ஓவன் ஹார்ட், மேடையை அடைவதற்கு முன்னரே தமது 34 ஆவது வயதில் உயிரிழந்தார்.

இத்தொழிலில் முடிவுகள் எவ்வாறு தீர்மானிக்கப்படுகின்றன என்பதை முதலில் நோக்குவோம். யார் யாருடன் மோதுவது, எவர் வெல்வது, எத்தனை நிமிடங்களில் முடிப்பது என்பனவற்றை நிறுவனத்தின் உரிமையாளரும் கதை எழுதுவோரும் முன்கூட்டியே முடிவு செய்கின்றனர். இறுதிக் கட்டம் எவ்வாறு அமையவேண்டும் என்பது மோதவிருக்கும் இருவருக்கும் அறிவிக்கப்படுகின்றது. இடைப்பட்ட பகுதியை அவர்கள் தமக்குள் பேசி அமைத்துக்கொள்கின்றனர். மேடையில் ஒருவர் மற்றவரை இறுகப் பிடித்திருக்கும் வேளைகளில் அடுத்த அசைவைக் காதோடு காதாகக் கூறிக்கொள்வதும் உண்டு. மத்தியஸ்தராகத் தோன்றுபவரும் இக்கூட்டு வேலையில் ஒரு பங்காளியே. உள்ளிருந்து வரும் நேரக் கட்டளைகளை வீரர்களுக்குத் தெரிவிப்பது அவரது கடமைகளில் ஒன்றாகும். உண்மையாகவே எவருக்கேனும் காயம் ஏற்பட்டால் இரு கைகளையும் தலைக்கு மேல் குறுக்காக உயர்த்திச் சைகை காட்டுவதும் அவரே.

ஆகவே இத்தொழிலில் எதிராளி எனப்படுபவர் உண்மையில் எதிராளி அல்லர். தூக்கி எறியப்படுபவரின் கழுத்து, எறிபவரின் கையில் ஒப்படைக்கப்பட்டுள்ளது. கிழக்கிலங்கை முஸ்லிம்களின் பொல்லடியைப் பார்த்தவர்களுக்கு இதனை விளக்கவேண்டியதில்லை. அங்கு எவரும் எவரையும் வெல்வதற்காகப் பொல்லை வீசுவதில்லை. தாளத்துக்கு வீசுகின்றனர், தாளத்துக்கு ஏந்துகின்றனர். ஆனால் தாளம் பிசகினால் விரலில் விழும் அடி உண்மையான அடியே.

வெற்றியும் தோல்வியும் இங்கு ஒரு கதையின் அத்தியாயங்களாகவே எழுதப்படுகின்றன. 1994 ஆம் ஆண்டு மார்ச் 20 ஆம் திகதி நியூயோர்க்கில் நடைபெற்ற பத்தாவது ரெஸில்மேனியா நிகழ்ச்சி இதற்கு நல்லதோர் உதாரணமாகும். கனடாவின் கல்கரி நகரைச் சேர்ந்த மல்யுத்தக் குடும்பமொன்றில், 12 பிள்ளைகளுள் கடைசியாகப் பிறந்தவர் ஓவன். அன்றைய முதலாவது போட்டியில் அவர் தமது மூத்த சகோதரர் பிரெட் ஹார்ட்டைத் தோற்கடித்தார். அதே இரவின் இறுதிப் போட்டியில் பிரெட், யோகோசுனா என்னும் பாரிய உடலமைப்புக் கொண்ட வீரரை வென்று உலக சம்பியனானார். சக வீரர்கள் பிரெட்டைத் தோளில் தூக்கிக் கொண்டாடுகையில், அவரை அன்றே தோற்கடித்திருந்த தம்பி ஒதுங்கி நின்று பார்த்துக்கொண்டிருந்தார். அண்ணன் தம்பிப் பகை என்னும் கதை அதனை அடுத்து மாதக்கணக்கில் ஓடியது. அது முற்றிலும் கற்பனை என்பதையும், அதனை ரசித்த மக்கள் ஏமாளிகள் அல்லர் என்பதையும் நாம் மறந்துவிடலாகாது. அபிமன்யு மடிவான் என்பது தெரிந்தே கூத்துப் பார்க்க விடியும்வரை விழித்திருந்தவர்கள் எமது முன்னோர்.

இந்த ஏற்பாடு முழுவதும் நம்பிக்கை என்னும் ஒற்றைத் தூணில் நிற்பதாகும். 1997 ஆம் ஆண்டு நவம்பர் 9 ஆம் திகதி மொன்றியல் நகரில் அத்தூண் சரிந்தது. வேறொரு நிறுவனத்துக்குச் செல்லவிருந்த பிரெட் ஹார்ட், தமது நாட்டு மக்கள் முன்னிலையில் ஷோன் மைக்கல்ஸிடம் பட்டத்தை இழக்க உடன்படவில்லை. தெளிவான வெற்றி தோல்வியின்றி அப்போட்டியை முடிப்பதென இணக்கம் காணப்பட்டிருந்தது. ஆயினும் மைக்கல்ஸ் பிடியொன்றைப் போட்டிருந்த வேளையில், பிரெட் தோல்வியை ஒப்புக்கொள்ளாத நிலையிலேயே, மணியை அடிக்குமாறு நிறுவனத் தலைவர் வின்ஸ் மக்மேன் உத்தரவிட்டார். முடிவுகள் எழுதப்படும் உலகில், எழுதியவரே எழுத்தை மீறிய சம்பவம் அது. எழுதும் அதிகாரம் யார் கையில் இருக்கின்றது என்பதை அது ஏனைய வீரர்களுக்கு உணர்த்தியது. பிரெட் நிறுவனத்தை விட்டு நீங்கினார். ஓவன் அங்கேயே தொடர்ந்தார்.

முடிவு எழுதப்பட்டிருந்தும் உடல் அதற்குக் கட்டுப்படாத சம்பவம் ஒன்றும் அதே ஆண்டு ஓகஸ்ட் 3 ஆம் திகதி நியூஜெர்சி மாநிலத்தில் இடம்பெற்றிருந்தது. 'சமர்ஸ்லாம்' நிகழ்ச்சியில் ஓவன் ஹார்ட்டும் 'ஸ்டோன் கோல்ட்' ஸ்டீவ் ஒஸ்டினும் மோதினர். எதிராளியைத் தலைகீழாகத் தூக்கித் தரையில் இறக்கும் அசைவொன்றை ஓவன் செய்தபோது ஒஸ்டினின் தலை உண்மையாகவே தரையில் மோதியது. கழுத்தில் ஏற்பட்ட தாக்கத்தினால் அவரது அங்கங்கள் சிறிது நேரம் அசைவற்றுப் போயின. ஓவன் செய்வதறியாது ரசிகர்களைச் சீண்டுவதுபோல் பாசாங்கு செய்து நேரத்தைக் கடத்தினார். ஆனால் அப்போட்டியில் ஒஸ்டின் வெல்லவேண்டும் என்பது ஏற்கெனவே எழுதப்பட்டிருந்தது. எழுந்து நிற்கவும் இயலாதிருந்த அவர் தவழ்ந்து வந்து ஓவனைப் பின்னிருந்து உருட்ட, ஓவன் உருண்டு கொடுத்துத் தோற்றார். பதிவேட்டில் அது ஒஸ்டினின் வெற்றி. அவ்வெற்றியாளரைப் பிறர் தாங்கிச் செல்லவேண்டியிருந்தது. கழுத்து உபாதை அவரை விட்டு நீங்கவில்லை. 2003 ஆம் ஆண்டில் அவர் தொழிலிலிருந்து ஒதுங்குவதற்கு அதுவே முக்கிய காரணமாயிற்று.

அந்த நிகழ்ச்சி நியூஜெர்சியில் நடைபெற்றதற்குப் பின்னால் சட்டம் சார்ந்த வரலாறு ஒன்று உள்ளது. 1989 ஆம் ஆண்டு பெப்ரவரி மாதம், தொழில்முறை மல்யுத்தத்தை அரசின் விளையாட்டுக் கட்டுப்பாட்டுச் சபையின் மேற்பார்வையிலிருந்து விடுவிக்கும் சட்டமூலம் ஒன்றை அம்மாநில செனட் சபை நிறைவேற்றியது. தாம் நடத்துவது உண்மையான போட்டி அன்று, மக்களை மகிழ்விக்கும் கேளிக்கையே என்று, டபிள்யூ.டபிள்யூ.எப். எனச் சுருக்கமாக அழைக்கப்பட்ட அந்நிறுவனம் அப்போது அதிகாரபூர்வமாக ஒப்புக்கொண்டது. பல தசாப்தங்களாகக் கட்டிக் காக்கப்பட்ட தொழில் இரகசியம், வரியிலிருந்தும் அனுமதிப்பத்திரங்களிலிருந்தும் விடுபடுவதற்காக வெளியிடப்பட்டது. அதன் பலனாக வீரர்களுக்கும் மத்தியஸ்தர்களுக்கும் அனுமதிப்பத்திரம் அவசியமற்றதாகும் நிலை தோன்றியது. மேடையேறுவதற்கு முன்னர் வீரர்களுக்குக் கட்டாயமாயிருந்த வைத்தியப் பரிசோதனையும் அத்துடன் கைவிடப்படலாயிற்று.

மல்யுத்தம் தொடர்பான வரியை அம்மாநில ஆளுநர் கிறிஸ்டீன் டொட் விட்மன் 1997 இல் நீக்கினார். நன்றி தெரிவிக்கும் முகமாக அவருக்குச் சம்பியன் பட்டி ஒன்று பரிசளிக்கப்பட்டது. ஒஸ்டினின் கழுத்து முறிபட்ட அதே 'சமர்ஸ்லாம்' மேடையிலேயே அப்பரிசளிப்பும் நடைபெற்றது என்பது இங்கு கவனிக்கத்தக்கது. 'இது விளையாட்டு அன்று, வெறும் கேளிக்கை' என்ற வாதத்துக்குப் பரிசு கிடைத்த இரவிலேயே, அந்தக் கேளிக்கையில் ஒரு மனிதனின் கைகால்கள் செயலிழந்தன.

இனி கன்சாஸ் நகருக்கு வருவோம். கெம்பர் அரங்கில் அன்றிரவு 16 ஆயிரத்துக்கும் மேற்பட்ட ரசிகர்கள் கூடியிருந்தனர். முதற் போட்டியில் கேனும் எக்ஸ்-பாக்கும் இணைந்து டி-லோ பிரவுண், மார்க் ஹென்றி சோடியை வென்றனர். அடுத்ததில் அல் ஸ்னோ, ஹார்ட்கோர் ஹொலியைத் தோற்கடித்தார். அதனையடுத்து கண்டங்களுக்கிடையிலான சம்பியன் பட்டத்துக்காக, 'கோட்ஃபாதர்' என்ற பெயரில் தோன்றும் வீரரை ஓவன் ஹார்ட் சந்திக்கவிருந்தார். அப்பட்டம் அன்று ஓவனுக்கே வழங்கப்படவிருந்தது எனப் பின்னர் கூறப்பட்டது.

அக்காலத்தில் ஓவன் 'புளூ பிளேசர்' என்னும் முகமூடிப் பாத்திரத்தை ஏற்றிருந்தார். தன்னைப் பெரும் வீரனாக எண்ணிக்கொண்டு எதனையும் சொதப்பிவிடும் கோமாளிப் பாத்திரம் அது. கூரையிலிருந்து கம்பிவடத்தில் இறங்கி வந்து, மேடைக்குச் சற்று மேலே வடத்தை விடுவித்து முகங்குப்புற விழுந்து ரசிகர்களைச் சிரிக்கவைப்பது அன்றைய திட்டம். அதன்பொருட்டு அவரது உடற்பட்டியில் இலேசாகத் திறந்துகொள்ளும் விரைவுக் கொளுவி ஒன்று பொருத்தப்பட்டிருந்தது. பாய்மரப் படகுகளுக்கென உருவாக்கப்பட்ட வகையைச் சேர்ந்த கொளுவி அது. ஒரு நகைச்சுவைக் காட்சி கச்சிதமாக அமையவேண்டும் என்பதற்காகவே, இறுகப் பூட்டும் கொளுவிக்குப் பதிலாக எளிதில் கழலும் கொளுவி பயன்படுத்தப்பட்டது.

அது உரிய வேளைக்கு முன்னரே கழன்றது. ஓவன் ஏறத்தாழ 78 அடி உயரத்திலிருந்து வீழ்ந்து, மேடையின் மேற்கயிற்றில் மோதி உள்ளே வீசப்பட்டார். அவ்வேளையில் தொலைக்காட்சியில் முன்னரே பதிவுசெய்யப்பட்ட காட்சியொன்று ஓடிக்கொண்டிருந்தமையால், வீடுகளிலிருந்து பார்த்தவர்கள் அவர் வீழ்ந்ததைக் காணவில்லை. அரங்கிலிருந்தோர் கண்டனர். ஆனால் கண்டோரிற் பலர் அதனை நம்பவில்லை. விழுந்தது பொம்மையென எண்ணியவர்களும் இருந்தனர். அடுத்த திருப்பம் என்னவென்று காத்திருந்தவர்களும் இருந்தனர். வர்ணனையாளர் ஜிம் ரோஸ், இது நிகழ்ச்சியின் ஓர் அங்கமன்று, உண்மையான விபத்து என்று தொலைக்காட்சி ரசிகர்களிடம் மீண்டும் மீண்டும் வலியுறுத்த நேர்ந்தது. கண்ணெதிரே நிகழ்ந்த ஒன்றை 'உண்மை' என்று சத்தியம் செய்யவேண்டிய நிலைமை வேறு எந்த அரங்கில் ஏற்பட்டிருக்கும்?

ஓவன் ட்ரூமன் வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்லப்பட்டார். அங்கு அவர் மரணமானார் என்று அறிவிக்கப்பட்டது. நிகழ்ச்சியோ சுமார் கால் மணித்தியால இடைவெளியின் பின்னர் தொடர்ந்தது. மீண்டும் முதலில் மேடையேறவேண்டியிருந்தவர்களுள் ஜெப் ஜெரட்டும் ஒருவர். அதே ஆண்டின் முற்பகுதியில் ஓவனுடன் சோடி சேர்ந்து சம்பியன் பட்டம் வகித்த நண்பர் அவர். டெப்ராவுடன் இணைந்து அவர் ஆடிய போட்டியில் வால் வெனிஸ், நிக்கோல் பாஸ் சோடி வென்றது. பின்னர் பில்லி கன், ரோட் டோக்கை வென்றார். எண்மர் மோதிய போட்டியில் 'யூனியன்' அணி, 'கோப்பரேட் மினிஸ்ட்ரி' அணியை வென்றது. 'த ரொக்', ட்ரிபிள் எச்சைத் தகுதிநீக்க அடிப்படையில் வென்றார். இறுதியாக அண்டர்டேக்கர், ஒஸ்டினிடமிருந்து உலக சம்பியன் பட்டத்தைக் கைப்பற்றினார். முதலாளியின் மகன் ஷேன் மக்மேன் மத்தியஸ்தராகி விரைவாக எண்ணி முடித்ததால் கிடைத்த வெற்றி அது. 1997 இல் கழுத்து முறிபட்ட ஒஸ்டின், அன்று தம்முடன் மோதியவர் இறந்த இரவில், எழுதியபடியே தோற்றுக் கொடுத்தார்.

நிகழ்ச்சியின் பிற்பகுதியில் ஓவன் இறந்துவிட்ட செய்தியைத் தொலைக்காட்சி ரசிகர்களுக்கு ஜிம் ரோஸ் அறிவித்தார். அரங்கில் அமர்ந்திருந்தவர்களுக்கு அது அறிவிக்கப்படவில்லை. ஒரு மனிதனின் உயிரைப் பறித்த மேடையைச் சுற்றி அமர்ந்திருந்த ஆயிரக்கணக்கானோர், அவ்வுண்மையை அறியாமலேயே இறுதிவரை ஆரவாரித்துவிட்டு வீடு திரும்பினர்.

நிகழ்ச்சியைத் தொடர்ந்தமைக்குக் கேளிக்கை உலகின் மரபைக் காரணம் காட்டுவோர் உளர். காட்சி நிற்கக்கூடாது என்பது நாடக உலகின் பழைய நியதியே. ஆனால் நடிகனொருவன் மேடையிலேயே இறந்த பின்னரும் அதே பலகையில் அடுத்த காட்சியை ஆடவேண்டும் என்று எந்த நாடக மரபும் விதித்ததாக நாம் அறியவில்லை. மறுநாள் சென் லூயிஸ் நகரில் நடைபெற்ற நிகழ்ச்சி முழுவதும் ஓவனின் நினைவுக்கு ஒதுக்கப்பட்டது. கதைகள் நிறுத்தப்பட்டு, சக வீரர்கள் தமது சொந்தக் குரலில் அவரைப் பற்றிப் பேசினர். ஓரிரவு கதையின்றி நிகழ்ச்சி நடத்த முடியும் என்பது அதனால் தெளிவாகியது. அந்த ஓரிரவு ஒரு நாள் பிந்தி வந்தது என்பதே எமது ஆதங்கமாகும்.

ஓவனின் மனைவி மார்த்தா ஹார்ட் வழக்குத் தொடர்ந்தார். 2000 ஆம் ஆண்டு நவம்பரில் 18 மில்லியன் டொலர் இழப்பீட்டுடன் அது இணக்கமாக முடிவுற்றது. அப்பணத்தின் ஒரு பகுதியைக் கொண்டு அவர் கணவரின் பெயரில் அறக்கட்டளை ஒன்றை நிறுவினார். அந்நிறுவனம் ஓவனைத் தனது புகழ் மண்டபத்தில் சேர்த்துக்கொள்வதற்கு அவர் இன்றுவரை உடன்படவில்லை. போட்டி நிறுவனமான ஏ.ஈ.டபிள்யூ. உடன் இணைந்து 2022 ஆம் ஆண்டு முதல் ஓவன் ஹார்ட் பெயரிலான சுற்றுப்போட்டி நடத்தப்படுவதற்கு அவர் இசைந்தார்.

இத்தொழிலின் வேறு சில நிலைமைகளையும் இங்கு குறிப்பிடுவது பொருத்தமாகும். 2002 இல் டபிள்யூ.டபிள்யூ.ஈ. எனப் பெயர் மாற்றம் பெற்ற அந்நிறுவனத்தின் வீரர்கள் இன்றும் அதன் ஊழியர்களாகக் கருதப்படுவதில்லை. சட்டத்தின் முன் அவர்கள் சுயாதீன ஒப்பந்தகாரர்களே. வீரர்களுக்கெனத் தொழிற்சங்கம் அமைக்க 1986 இல் ஜெஸி வென்சுரா முயன்றார். பின்னாளில் மினசோட்டா மாநில ஆளுநராகத் தெரிவாகும் அளவுக்கு ஆற்றல் படைத்த அவராலும் அதனைச் சாதிக்க இயலவில்லை. 2005 நவம்பரில் எடி குவெரேரோ தமது 38 ஆவது வயதில் இதயம் செயலிழந்து இறந்ததை அடுத்தே, வீரர்களின் உடல்நலத்தைப் பரிசோதிக்கும் திட்டமொன்றை நிறுவனம் 2006 இல் ஆரம்பித்தது. கதிரையால் தலையில் அடிப்பது 2010 இல் தடைசெய்யப்பட்டது. ஒவ்வொரு பாதுகாப்பும் யாரோ ஒருவரின் இழப்புக்குப் பின்னரே வந்து சேர்ந்திருக்கின்றது.

அதேவேளை, ஒருகாலத்தில் மறைக்கப்பட்ட இரகசியம் இன்று விற்பனைப் பொருளாகிவிட்டது. 2025 ஆம் ஆண்டில் நெட்பிளிக்ஸ் தளத்தில் வெளியான 'டபிள்யூ.டபிள்யூ.ஈ. அன்ரியல்' என்னும் தொடர், வெற்றி தோல்விகளை எழுதுவோர் கூடிப் பேசும் அறைக்குள்ளேயே ரசிகர்களை அழைத்துச் செல்கின்றது. முடிவு முன்னரே எழுதப்படுகின்றது என்பதை இனி எவரும் எவருக்கும் கண்டுபிடித்துக் கூறவேண்டியதில்லை.

எனவே 'பொய்ச் சண்டை' என்று கூறுவதில் இன்று எவ்வித புத்திசாலித்தனமும் இல்லை. அவ்வார்த்தை இருமுனைக் கத்தி போன்றது என்பதையே மேற்கூறிய வரலாறு புலப்படுத்துகின்றது. அரசின் மேற்பார்வையைத் தவிர்க்க நிறுவனத்துக்கு அவ்வார்த்தை உதவியது. கண்ணெதிரே ஒருவர் வீழ்ந்து கிடக்கையில் ரசிகர்கள் பதற்றமின்றிக் காத்திருந்தமைக்கும் அவ்வார்த்தையே காரணமாயிற்று. வெற்றி பொய்யாயின் வீழ்ச்சியும் பொய்யாகத்தான் இருக்கவேண்டும் என்ற எண்ணம், உழைப்பவனின் உடலை எமது பார்வையிலிருந்து மறைத்துவிடுகின்றது.

இது மல்யுத்தத்துக்கு மாத்திரம் உரிய விடயமன்று. சர்க்கஸ் கூடாரத்தில் ஊஞ்சலில் தாவுபவரும், திரைப்படத்தில் கதாநாயகனுக்குப் பதிலாக மாடியிலிருந்து குதிப்பவரும் எமது மகிழ்ச்சிக்காகவே தமது எலும்புகளைப் பணயம் வைக்கின்றனர். கேளிக்கை என்று பெயரிடப்பட்ட காரணத்தால் ஒரு வேலைத்தலம் வேலைத்தலம் அல்லாது போய்விடாது. அங்கு கட்டப்படும் கயிற்றையும் பூட்டப்படும் கொளுவியையும் பரிசோதிப்பதற்கு, அக்காட்சியினால் இலாபமடையாத ஒருவர் இருந்தே ஆகவேண்டும்.

இக்காட்சிகளைப் பார்க்கும் பிள்ளைகளிடம் பெற்றோர் கூறவேண்டியதும் இதுவே. யார் வெல்வார் என்பது எழுதப்பட்டது என்று கூறுங்கள், தவறில்லை. ஆனால் அந்த அசைவுகளைச் செய்வதற்கு ஆண்டுக்கணக்கில் பயிற்சி பெற்றவர்களே கழுத்து முறிந்து ஒதுங்கியிருக்கின்றனர் என்பதையும் சேர்த்துக் கூறுங்கள். எழுத்தாளர் எழுதிய முடிவுக்குத் தோள்கள் பணிந்து கொடுக்கலாம். 78 அடி உயரம் எவருடைய எழுத்துக்கும் பணிவதில்லை.